கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு!

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. பேங்க்காரனுக்கு மார்ச் முடிகிற வரைக்கும் மூச்சு விட நேரம் கிடையாது, உங்களுக்குத் தெரியாததா! ஆணி கொஞ்சம் குறைந்ததும் முதல் வேலையாக இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெளிமாநிலத்தில் பிள்ளைகளை சி.பி.எஸ்.இ. பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டு, தமிழ்நாட்டில் நாம் படித்த முறையிலேயே அவர்களை விரட்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற அப்பா அம்மாக்களுக்காக இந்தப் பதிவு. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கட்டாயம் படியுங்கள். இல்லாவிட்டாலும் படிக்கலாம், காசா பணமா :-)

விஷயம் சின்னதுதான். ஆங்கில இலக்கியப் பகுதியில் மூன்று மார்க் கேள்விக்கு எவ்வளவு எழுத வேண்டும்? 40-லிருந்து 50 வார்த்தை. வினாத்தாளிலேயே போட்டிருக்கிறது. அதற்கு மேல் எழுதுவது புத்திசாலித்தனம் இல்லை, பயம். இதுதான் என் கட்சி. இந்தக் கட்சிக்கு நான் வந்து சேர்ந்ததற்கு என் பெரியவள் கொடுத்த விலை 14 மார்க். நல்ல வேளை, பிரீ-போர்டு தேர்வில்.

2025 ஜனவரி. நாக்பூரில் குளிர் ஸ்வெட்டருக்குள் புகுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். ஆபீஸ் முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், தங்கமணி சமையலறையிலிருந்து கண்ணாலேயே ஜாடை காட்டுகிறார், "ஒண்ணும் கேக்காதீங்க" என்று. சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் கிடக்கிறது. இலக்கியப் பகுதியில் 40-க்கு 23.

நமக்குத்தான் தாளைப் பார்த்தால் கை சும்மா இருக்காதே. வவுச்சர் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். பாடப்பகுதியைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளில் பத்துக்கு ஒன்பது. குறுவிடைகள் ஆறு, மொத்தம் 18 மார்க், அதில் பத்து. நெடுவிடை இரண்டில் முதலாவதற்கு ஆறுக்கு நாலு. இரண்டாவது? பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஏம்மா, கடைசிக் கேள்வி எங்க?"

"டைம் இல்லப்பா."

"பதில் தெரியாதா?"

"தெரியும்ப்பா. நெக்லஸ் கதை. ஃபுல்லா தெரியும்."

மாப்பசான் எழுதிய அந்தக் கதையை அவள் எனக்கே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். கடன் வாங்கிய நகையைத் தொலைத்துவிட்டு, வட்டிக்கு வாங்கிப் பத்து வருஷம் உழைத்துக் கடனை அடைத்தபிறகு, தொலைந்தது போலி நகை என்று தெரிந்துகொள்கிற பெண்ணின் கதை. பேங்க்காரன் மகளுக்கு அந்தக் கதை தெரியாமல் போகுமா? தெரிந்த கேள்விக்கு ஆறு மார்க் போயிற்று. குறுவிடைகளில் போன எட்டு மார்க்கோடு சேர்த்தால் பதினாலு.

சரி, நேரம் எங்கே போயிற்று? குறுவிடைகளை எண்ணினேன். ஒவ்வொன்றும் 130 வார்த்தைக்குக் குறையாது. கணக்கு இப்படி: ஆறு கேள்விக்கு 50 வீதம் 300 வார்த்தை எழுத வேண்டும். அவள் எழுதியது 780. அதிகப்படியாக 480. நிமிஷத்துக்கு இருபது வார்த்தை எழுதுகிற பிள்ளைக்கு 480 வார்த்தை என்றால் 24 நிமிஷம். மூன்று மணி நேரத்தில் 80 மார்க்குக்கு எழுத வேண்டும், அதாவது ஒரு மார்க்குக்கு இரண்டேகால் நிமிஷம். ஆறு மார்க் நெடுவிடைக்கு வேண்டியது பதின்மூன்றரை நிமிஷம். அந்த நேரத்தைக் குறுவிடைகள் தின்றுவிட்டன. மேலும் பத்து நிமிஷத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டன. இத்தனைக்கும் தின்ற இடத்திலாவது மார்க் வந்ததா என்றால், 18-க்குப் பத்து.

"ஏன்மா இவ்வளவு நீளமா எழுதின?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்ன பதிலுக்குத்தான் இந்தப் பதிவே. "நீங்கதானப்பா சொன்னீங்க, கொஞ்சமா எழுதினா ஒண்ணும் தெரியலன்னு நினைச்சிடுவாங்கன்னு."

சொன்னேன். உண்மைதான். ஒரு தடவை இல்லை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து நூறு தடவை சொல்லியிருப்பேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். நான் பத்தாவது எழுதியது 1996-ல், திருநெல்வேலிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில். எங்கள் ஊரில் பரீட்சை முடிந்து வருகிறவனிடம் முதலில் கேட்கும் கேள்வி "எப்படி எழுதின?" இல்லை. "எத்தனை அடிஷனல் ஷீட் வாங்கின?" என்பதுதான். நாலு வாங்கினவன் கெட்டிக்காரன். ஒன்றுமே வாங்காதவன் வீட்டில் அன்றைக்குச் சோறு ருசிக்காது. விடையைச் சாண் போட்டு அளந்துதான் மார்க் போடுகிறார்கள் என்று நாங்கள் நிஜமாகவே நம்பினோம்.

அப்புறம் பி.காம். திடீரென்று எல்லாம் இங்கிலீஷ். பாதி புரியாது. புரியாததை எப்படிச் சமாளிப்பது? மனப்பாடம். கேள்வியில் ஒரு தெரிந்த சொல் கண்ணில் பட்டால் போதும், அந்தச் சொல் வருகிற பக்கம் முழுவதையும் கொட்டிவிடுவேன். எங்கேயாவது ஓரிடத்தில் பதில் இருக்கும், வாத்தியார் தேடி எடுத்துக்கொள்வார் என்று நினைப்பு. பாஸானேன். நல்ல மார்க்கும் வாங்கினேன். அதனால் அதையே வித்தை என்று நம்பி என் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நான் நீளமாக எழுதியது தெரியாததை மறைக்க. அவளுக்கோ தெரியும். என் பயத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டு, அவளுக்குத் தெரிந்ததையும் நான் மறைத்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. விடைத்தாளை இருவரும் சேர்ந்து படித்தோம். ஒரு உதாரணம் சொல்கிறேன். "ஃபர்ஸ்ட் ஃப்ளைட்" பாடப்புத்தகத்தில் "மேடம் ரைட்ஸ் தி பஸ்" என்று ஒரு கதை இருக்கிறது. எழுதியவர் நம்ம வல்லிக்கண்ணன். ஆமாம், திருநெல்வேலிப் பக்கம் ராஜவல்லிபுரத்துக்காரர், 1978-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர், 2006-ல் காலமானவர். தமிழில் எழுதியது கே.எஸ். சுந்தரம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலப் பாடமாகி, காஷ்மீர்ப் பிள்ளைகூடப் படிக்கிறது. என் மகளுக்கு அவர் தமிழ் எழுத்தாளர் என்பதே நான் சொல்லித்தான் தெரியும். அது தனி வருத்தம், இன்னொரு பதிவுக்கு வைத்துக்கொள்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: வள்ளி என்று எட்டு வயதுச் சிறுமி. ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்று ஆசை. போக முப்பது பைசா, வர முப்பது பைசா. மிட்டாய், பலூன், ராட்டினம் எல்லாவற்றையும் தியாகம் பண்ணி அறுபது பைசா சேர்த்து, அம்மா தூங்கும் நேரத்தில் தனியாகக் கிளம்பிவிடுகிறாள். போகும் வழியில் ஒரு பசு வாலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் ஓடுகிறது, வள்ளிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். திரும்பி வரும்போது அதே பசு சாலையில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறது.

கேள்வி: திரும்பி வரும்போது வள்ளி ஏன் ஜன்னல் வழியே பார்க்க விரும்பவில்லை?

என் மகளின் பதில், "வல்லிக்கண்ணன் எழுதிய மேடம் ரைட்ஸ் தி பஸ் என்னும் பாடத்தில் வள்ளி என்ற எட்டு வயதுச் சிறுமி இருக்கிறாள்" என்று ஆரம்பித்தது. வாசலில் நின்று பஸ்ஸை வேடிக்கை பார்த்தாள், காசு சேர்த்தாள், ராட்டினத்தில் ஏறவில்லை, கண்டக்டர் மேடம் என்று கூப்பிட்டார், பசு ஓடியது, டவுனில் இறங்க மறுத்தாள்... எல்லாம் சரியான தகவல்தான், ஒரு தப்பும் இல்லை. செத்த பசு வருவது கடைசிக்கு முந்தின வரியில். அதற்கப்புறம் இடம் போதாமல், "அதனால் அவள் சோகமானாள்" என்று முடிந்துவிட்டது. மூன்றுக்கு ஒன்றரை.

நான் சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்தேன். "கேள்விக்குச் சம்பந்தமில்லாத வரியை நீயே அடி." அடித்தாள். பன்னிரண்டு வரியில் இரண்டு மிஞ்சியது. இருவரும் சிரித்துவிட்டோம்.

பிறகு அவளே திருத்தி எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இதுதான்: "போகும்போது துள்ளி ஓடி வள்ளியைச் சிரிக்க வைத்த பசு, திரும்பும்போது சாலையில் செத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் உயிரோடு பார்த்ததைக் கோரமான கோலத்தில் காண அவளால் தாங்க முடியவில்லை. சாவை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்த குழந்தைக்கு, அதற்குமேல் ஜன்னல் வேடிக்கையாக இல்லை." அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஐம்பதைத் தொடவில்லை. என்ன நடந்தது, அவளுக்கு என்ன ஆயிற்று, அதற்கு என்ன அர்த்தம், மூன்றும் இருக்கிறது.

பதிலின் முதல் வரியே பதிலாக இருக்க வேண்டும். முகவுரை கூடாது. ஆசிரியர் பெயரும் பாடத்தின் பெயரும் திருத்துகிறவருக்கே தெரியும். அதைத் திரும்ப எழுதினாலே பத்துப் பன்னிரண்டு வார்த்தை காலி. ஐம்பதில் பன்னிரண்டு என்பது கால்வாசி!

இதை நான் பேங்க்கில் கற்றுக்கொண்டு இருபது வருஷமாகப் போகிறது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரத் தோன்றவில்லை பாருங்கள். பீகாரில் ஒரு கிராமக் கிளையில் முதல் போஸ்டிங். ஒருத்தர் பால் மாடு வாங்கக் கடன் கேட்டார். நான் ஆர்வக்கோளாறில் நாலு பக்கம் நோட் எழுதி மேனேஜர் முன்னால் வைத்தேன். மாவட்டத்தின் பால் உற்பத்தியிலிருந்து ஆரம்பித்திருந்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹிந்தியில் கேட்டார்: "கொடுக்கலாமா, வேண்டாமா? அதை எங்கே எழுதியிருக்கிறாய்?" எழுதவே இல்லை! அன்றிலிருந்து என் நோட்டில் முதல் வரி சிபாரிசு, அப்புறம் அதற்கான இரண்டு மூன்று காரணம், கடைசியில் நிபந்தனை. ஆடிட்காரர்கள் எழுப்பும் ஆட்சேபணைக்குப் பதில் எழுதிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். சரி செய்துவிட்டேன் என்றால் எந்தத் தேதியில் என்று எழுது, இல்லையென்றால் ஏன் என்று எழுது. பக்கம் பக்கமாக விளக்கம் வந்தாலே, "இவன் எதையோ மறைக்கிறான்" என்று அவர் அடுத்த ஃபைலையும் கேட்பார் :-)

விடைத்தாள் திருத்துகிறவரும் அப்படித்தான். அவர் கையில் ஒவ்வொரு கேள்விக்கும் "வேல்யூ பாயின்ட்ஸ்" என்று ஒரு பட்டியல் இருக்கும். சி.பி.எஸ்.இ.யின் மதிப்பீட்டுக் குறிப்புகளிலேயே அந்தப் பேர் வரும். உங்கள் பிள்ளையின் தாளில் அவர் தேடுவது அந்த இரண்டு மூன்று விஷயத்தை. அதை 12 வரிக்குள் ஒளித்து வைத்து அவரோடு கண்ணாமூச்சி ஆடுவதில் நமக்கு என்ன லாபம்?

கணக்கும் வழியும் இதுதான், எங்கள் வீட்டில் அந்த ஒரு மாதம் நாங்கள் செய்தது:

முதலில் கேள்வியில் கேட்டிருப்பது "ஏன்"-ஆ, "எப்படி"-யா, "இதிலிருந்து என்ன தெரிகிறது"-ஆ என்று பார்த்து, அந்தச் சொல்லின் கீழே பென்சிலால் கோடு போடச் சொன்னேன். "ஏன்" என்று கேட்டால் காரணம். "என்ன தெரிகிறது" என்று கேட்டால் குணம். குணத்தைக் கேட்ட இடத்தில் கதையைச் சொன்னால் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் பாதி மார்க்தான்.

இரண்டாவது, முதல் வாக்கியம் நேரடிப் பதில். அடுத்த ஒன்றிரண்டு வாக்கியம் பாடத்திலிருந்து சாட்சி. கடைசி வாக்கியம் அதனால் என்ன என்பது. மொத்தம் மூன்று அல்லது நாலு வாக்கியம்.

மூன்றாவது, தேர்வறையில் வார்த்தை எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. தன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை வார்த்தை வருகிறது என்று வீட்டிலேயே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். என் மகளுக்கு ஒன்பது. ஆக, ஐந்தரை வரி. ஆறாவது வரி முடிந்தால் பேனாவை எடுத்துவிட வேண்டியதுதான்.

நாலாவது, மூன்று மார்க் கேள்விக்கு ஏழு நிமிஷம், அதிலும் முதல் ஒரு நிமிஷம் எழுதக் கூடாது, யோசிக்க மட்டும். இதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பக்கத்து பெஞ்சில் எல்லோரும் சரசரவென்று எழுதும்போது சும்மா உட்கார்ந்திருக்க ஒரு தைரியம் வேண்டும்.

இன்னொரு உதாரணம். "எ லெட்டர் டு காட்" கதையில் லெஞ்சோ என்ற விவசாயி ஆலங்கட்டி மழையில் பயிரை இழந்துவிட்டுக் கடவுளுக்கு நூறு பெசோ கேட்டுக் கடிதம் போடுகிறார். தபால் ஆபீஸ்காரர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு எழுபது சேர்த்து அனுப்புகிறார்கள். (நூறு கேட்டு எழுபது சாங்ஷன். நம்ம கிளைக்கு வரும் எல்லா கஸ்டமரும் லெஞ்சோதான்!) மீதி முப்பதைத் தபால் ஆபீஸ்காரர்கள் திருடிவிட்டதாக அவர் மறுபடியும் கடவுளுக்கு எழுதுகிறார். இதில் உள்ள முரண் என்ன என்று கேட்டால், மழையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். "உதவி செய்தவர்களையே லெஞ்சோ திருடர்கள் என்கிறார், அதுதான் முரண்" என்பது முதல் வரி. அவர்கள் காசு சேர்த்தது சாட்சி. கடவுள் மேல் வைத்த நம்பிக்கையில் பாதிகூட மனுஷன் மேல் வைக்கவில்லை என்பது முடிவு. ஆலங்கட்டி மழைக்கு இந்தப் பதிலில் வேலையே இல்லை.

கவிதைக்கும் இதேதான். கார்ல் சாண்ட்பர்க் எழுதிய "ஃபாக்" ஆறே வரி. மூடுபனியைப் பூனையாகப் பார்க்கிறார். அந்த ஆறு வரிக் கவிதைக்கு என் மகள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். கவிஞரே ஆறு வரியில் முடித்துக்கொண்டாரேம்மா என்றேன். "இது உருவகம்" என்று பெயர் சொல்வதோடு நிறுத்தாமல், பூனை மாதிரி சத்தமில்லாமல் வருகிறது, உட்கார்ந்து பார்க்கிறது, தானாகவே போய்விடுகிறது என்று அந்த உருவகம் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொன்னால் போதும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சுருக்கம் வேறு, சோம்பேறித்தனம் வேறு. என் சின்னவன் அக்காவுக்கு நடக்கும் உபதேசத்தை ஒட்டுக் கேட்டுவிட்டு, அவன் வகுப்புத் தேர்வில் "ஏனென்றால் அவள் சோகமாக இருந்தாள்" என்று ஒரே வரி எழுதிவிட்டு, "அப்பாதான் சுருக்கமா எழுதச் சொன்னாங்க" என்று டீச்சரிடம் என்னையே மாட்டிவிட்டான். பத்து வார்த்தையில் எழுதினால் காரணம் வரும், சாட்சி வராது. 40 என்பதும் எல்லைதான், 50 மட்டும் எல்லை இல்லை.

நண்பர்கள் சிலர் இதற்கு ஒரு ஆட்சேபணை சொல்கிறார்கள். இலக்கியத்தை ஐம்பது வார்த்தைக்குள் அடைப்பது பாவம், பிள்ளைகளின் கற்பனையைக் கொல்வது, பாயின்ட் பாயின்டாக மார்க் போட்டால் அதற்குப் பேர் இலக்கியமா, கணக்குப்பதிவியலா என்று. கணக்குப்பதிவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு லேசாக வலித்தாலும் :-) கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு பிள்ளை யாருக்கும் தோன்றாத ஒன்றை எழுதினால், களைத்துப்போன திருத்துநர் பட்டியலில் இல்லையென்று தாண்டிவிட வாய்ப்பு உண்டு. கொடுக்கப்பட்டவை மாதிரிக் கருத்துகளே, பிள்ளை தன் சொந்த நடையில் சரியாக எழுதியிருந்தாலும் மார்க் தர வேண்டும் என்று மதிப்பீட்டு விதியில் இருக்கிறது. விதியில் இருப்பதெல்லாம் நடைமுறையில் இருக்கிறதா என்று பேங்க்காரனைக் கேட்காதீர்கள்.

ஆனால் நான் கேட்பது வேறு. 130 வார்த்தை எழுதிய என் மகளின் பதிலில் கற்பனை எங்கே இருந்தது? அதில் இருந்தது கதைச் சுருக்கம். வள்ளிக்கு ஏன் ஜன்னல் வெறுத்துப்போயிற்று என்று அவள் நின்று யோசித்ததே, ஐந்தரை வரிதான் இருக்கிறது என்று ஆனபிறகுதான். நீளம் யோசிக்காமல் தப்பிக்க வழி விட்டது. சுருக்கம் அந்தக் கதவைச் சாத்தியது. கற்பனைக்கு இடம் வேண்டும் என்றால் வீட்டில் கொடுங்கள். சாப்பாட்டு மேசையில் வள்ளியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள். நிறைய பேசினவர்களுக்குத்தான் சுருக்கமாக எழுத வரும்.

ஊரில் எங்கப்பா பலருக்குத் தந்தி எழுதிக் கொடுப்பார். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. வருகிறவர்கள் அரை மணி நேரம் குடும்பக் கதை பூராவும் சொல்வார்கள். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏழெட்டு வார்த்தையில் எழுதுவார், அதிலும் ஒன்றைப் பென்சிலால் அடிப்பார். அரை மணி நேரம் கேட்காமல் அந்த எட்டு வார்த்தை வந்திருக்காது. தந்தியே 2013 ஜூலையோடு போய்விட்டது. அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். அந்தப் பென்சில் அடி மட்டும் எனக்குத் தேவைப்படும் நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

இனி, வெளியூரில் இருக்கும் நமக்கென்று ஒன்று. எங்கள் வீட்டில் உண்மையில் வேலை செய்தது இதுதான், மேலே சொன்ன நாலும் இல்லை.

என் அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். தினமும் ராத்திரி எட்டரைக்கு போன். பிள்ளைகள் "சாப்டியா ஆச்சி", "சாப்ட்டேன்" என்பதோடு ஓடிவிடுவார்கள். அவர்களுக்குத் தமிழில் அதற்கு மேல் பேச விஷயம் கிடையாது. தங்கமணிதான் யோசனை சொன்னார்: "எழுதறதுக்கு முந்தி பதிலை ஆச்சிக்கு வாயால சொல்லட்டும்." முதல் நாள் பெரியவள் வள்ளி கதையை ஆச்சிக்கு ஆரம்பித்தாள். பாதி தமிழ், பாதி ஹிந்தி, நடுவில் இங்கிலீஷ். பஸ், அறுபது பைசா, ராட்டினம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஸ்பீக்கரில் ஆச்சியின் குரல்: "ஏ தாயி, கதையெல்லாம் அப்புறம் கேக்கேன். அந்தப் பிள்ள ஏன் வெளிய பாக்கல, அதச் சொல்லு மொதல்ல."

பீகார் மேனேஜர் சொன்ன அதே வார்த்தை!

அன்றிலிருந்து பாடத்துக்கு ஒரு கேள்வி ஆச்சிக்கு. மூன்று வாக்கியத்துக்குள் ஆச்சிக்குப் புரிந்தால் பதில் தயார், அதை ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். புரியாவிட்டால் பெரியவளுக்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அலங்கார வார்த்தை எதுவும் அங்கே செல்லாது, தமிழில் அவளுக்கு அலங்கார வார்த்தை தெரியவும் தெரியாது. இருக்கிற நூறு சொற்களை வைத்துக்கொண்டு விஷயத்தை மட்டும்தான் சொல்ல முடியும். பிள்ளைக்குத் தமிழ் போதாதே என்று இத்தனை வருஷம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் போதாமையே அவளுக்குச் சுருக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. நாள் போகப் போக அந்தத் தமிழும் கொஞ்சம் கூடியது. டியூஷனுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுப்பதற்கு முன்னால் ஊரில் இருக்கும் ஆச்சி, தாத்தாவை ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். பீஸும் கிடையாது, அவர்களுக்கும் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு வேலை.

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை, ஆங்கிலத் தேர்வு. மூன்றாவது சனி, பேங்க் உண்டு, லீவு கிடைக்கவில்லை. ஒன்றே முக்காலுக்கு போன் வந்தது. நான் பழைய பழக்கத்தில், "எத்தனை ஷீட்..." என்று வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "எல்லாக் கேள்வியும் எழுதினியாம்மா?" என்றேன்.

"எழுதிட்டேன்ப்பா. பத்து நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. திரும்பப் படிச்சுப் பாத்தேன்."

மே மாதம் ரிசல்ட் வந்தது. மார்க் என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை, அவள் இதைப் படித்தால் சண்டைக்கு வருவாள். எனக்கு அந்தப் பத்து நிமிஷம் போதும்.

அன்று ராத்திரி எட்டரைக்கு ஆச்சியிடமும் அவள்தான் சொன்னாள். மொத்தம் மூன்றே வாக்கியம். "ஆச்சி, பரீட்ச நல்லா எழுதிருக்கேன். ஒண்ணும் விடல. லீவுக்கு ஊருக்கு வரேன்."

ஆச்சிக்கு முதல் இரண்டும் காதில் விழுந்ததா தெரியாது. "எப்ப வார?" என்றார்.

பி.கு: அந்த மே மாதம் ஊருக்குப் போனபோது பெரியவளை டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். கண்டக்டர் மேடம் என்றெல்லாம் கூப்பிடவில்லை. "உள்ள தள்ளி உக்காரும்மா" என்றார் :-)